டீ டெஸ்ட் மேடம்

எங்கள் கம்பெனியில் என்னை முன்பு ‘கம்ப்ளையன்ஸ் மேடம்’ என்பார்கள். இப்போது ‘டீ டெஸ்ட் மேடம்’. கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்கூட என் ஸ்கூட்டியைப் பார்த்ததும், “வாங்க டீ டெஸ்ட் மேடம்” என்று வாயெல்லாம் பல்லாகத் திறந்து விடுகிறார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்ப்பது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. கம்ப்ளையன்ஸ் என்றால் என்னவென்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரன் நம்மிடம் துணி வாங்கும் முன்னால் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பான். கழிப்பறை சுத்தமா, தீயணைக்கிற சிலிண்டர் இருக்கிறதா, வேலைக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் உண்டா என்று. அவனை அழைத்துக்கொண்டு போய்ச் சிரித்தபடி சுற்றிக் காட்டுகிறவள் நான். படித்தது என்னவோ புள்ளியியல். முதுகலை. படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லையென்று எனக்கு நானே புலம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் சின்னம்மாவின் இருமல் பெரிதானது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அதே கம்பெனியில் ரெய்சிங் ஹாலில் ஹெல்பர். குளிர்தேசத்துக்காரர்கள் போடுகிற ஸ்வெட்டர் மாதிரியான பனியனின் உட்பக்கம் மெத்தென்று இருக்குமே, அதைச் செய்கிற இடம் ரெய்சிங் ஹால். கம்பிப் பல் வைத்த உருளைகள் துணியைப் பிறாண்டிப் பிறாண்டிப் பஞ்சாக்கும். பிறாண்டியதில் பாதி துணியில் நிற்கும். மீதி காற்றில் மிதக்கும். புருவத்தில், காது மடலில், சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் என்று எங்கே பார்த்தாலும் பஞ்சு. சின்னம்மா ஹாலைவிட்டு வெளியே வரும்போது முழுக் கிழவி மாதிரி இருப்பாள். துண்டால் தலையைத் தட்டிவிட்டு, “பாத்தியா, நொடியில கொமரியாயிட்டேன்” என்பாள். அப்புறம் இருமுவாள்.

“ஞாயித்துக்கெழமையானா இருமலுக்கும் லீவு கண்ணு. திங்கக்கெழம நான் வாரனோ இல்லியோ, அது கரெக்டா டூட்டிக்கு வந்துருது” என்று சிரிப்பாள். கம்பெனிக்குள் மற்றவர்கள் முன்னால் அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட மாட்டாள். மேடம் என்பாள். நான் சொல்லச் சொன்னதில்லை. வேண்டாமென்றும் சொன்னதில்லை.

முதலாளியிடம் போய் நின்றேன். ஹாலில் பஞ்சை உறிஞ்சி வெளியே தள்ளுகிற சக்‌ஷன் லைன் போட வேண்டுமென்று கேட்டேன். அவர் மோசமான மனிதர் இல்லை. ஒரு காலத்தில் தானே மிஷின் ஓட்டியவர். என்னைத் தன் மகள் மாதிரி வா, போ என்றுதான் பேசுவார்.

“வாய் வார்த்தையெல்லாம் எனக்கு வேண்டாம் கண்ணு. நீ படிச்ச புள்ளதான? அளந்து காட்டு. இந்த ஹால்ல வேல பாத்தா மூச்சு கொறையுதுன்னு கணக்குல காட்டிப்போடு. காட்டுன அடுத்த வாரமே சக்‌ஷன் போட்டுத் தர்றேன்.”

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒரு வேலை வந்திருக்கிறது! மூச்சை ஊதி அளக்கிற சின்னக் குழாய் ஒன்று வாங்கினேன். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஊதுகிற வேகத்துக்கு ஏற்ப முள் நகரும். காலையில் ஹாலுக்குள் போகும் முன் ஒருமுறை, சாயந்திரம் வெளியே வரும்போது ஒருமுறை, ஒரே ஆள் இரண்டு தடவை ஊத வேண்டும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் முன்னதற்கும் பின்னதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து, அந்த வித்தியாசங்களையெல்லாம் சேர்த்துவைத்து, இது தற்செயலாக வந்திருக்குமா இல்லையா என்று கேட்கிற கணக்கு ஒன்று உண்டு. கல்லூரியில் அதற்குப் பெயர் பேர்டு டீ டெஸ்ட்; டீ என்பது வெறும் இங்கிலீஷ் எழுத்து. ஜோடி சேர்த்துப் பார்க்கிற சோதனை. அந்தப் பெயரை வாயால் சொல்லும்போதே எனக்கு ஒரு பவிசு வந்துவிடும்.

சின்னம்மாவுக்கும் விளக்கினேன். “நீ ஒசரம். உன் பக்கத்து மிஷின் பீகார்ப் பையன் குட்டை. உன்னையும் அவனையும் ஒப்பிட்டா ஒண்ணும் வெளங்காது. காலைல இருக்கற உன்னையும் சாயந்திரம் இருக்கற உன்னையும்தான் ஒப்பிடோணும்.”

“என்னைய என்னோடயே சண்டைக்கு உடறேங்கற.”

“அப்படித்தான்.”

“யாரு செயிச்சாலும் நாந்தான?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இதுல சக்‌ஷன் வந்துருமா கண்ணு?”

“கட்டாயம் வந்துரும்.”

“நெசமாலுமா?”

“என்ன சின்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லியா?” என்று எரிந்து விழுந்தேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஹாலில் எல்லோரையும் கூட்டி எப்படி ஊதுவது என்று காட்டினேன். இந்திக்காரப் பையன்களுக்குச் சின்னம்மாதான் தன் அரைகுறை இந்தியில் சொல்லிக் கொடுத்தாள். அளக்க ஆரம்பிக்கிற நாளுக்கு முதல் நாள், நல்லூரில் இருக்கிற எங்கள் இன்னொரு யூனிட்டில் ஆடிட் என்று என்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க அங்கேதான். ஊதுகிற குழாயை ரெய்சிங் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். பொறுமைசாலி. கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கும். இங்கே வந்து பல வருஷமாகியும் ஊர்ப்பேச்சு மாறவில்லை.

மறுநாள் காலை, ஆடிட்டர் பக்கத்தில் நின்று எதையோ குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் ஃபோன் செய்தார்.

“மேடம், இந்த ஊதுத டெஸ்ட்டு எப்ப எப்ப எடுக்கணும்?”

“பேர்டு டீ டெஸ்ட்டுங்க. பிஃபோர் ஒண்ணு, ஆஃப்டர் ஒண்ணு. ரெண்டு தடவையும் அதே ஆளு.”

“பேரு போட்டு எடுத்துருதேன் மேடம். பிஃபோர்னா, டீக்கு...”

“ஆமாங்க, டீ டெஸ்ட்டுதான்! எத்தன தடவ சொல்றது? ஒவ்வொண்ணுக்கும் ஃபோன் பண்ணிட்டு இருக்காதீங்க. சொன்னதச் செய்யுங்க!”

“சரி மேடம்” என்றார். அந்த வாரம் அவர் மறுபடி ஃபோன் செய்யவே இல்லை. சமத்து என்று நினைத்துக்கொண்டேன். சின்னம்மா மட்டும் ஒருநாள் பேசினாள். “ரெண்டு தடவையும் தம் கட்டி ஊதிட்டேன் கண்ணு” என்றாள். நானும் நல்லது என்று வைத்துவிட்டேன்.

அளவுகள் வாட்ஸ்அப்பில் படமாக வந்தன. சூப்பர்வைசர் பெயர் பெயராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். நல்லூரிலிருந்து திரும்பிய அன்று, மத்தியானம் சாப்பிட்ட கையோடு எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டேன். கணக்கு பளிச்சென்று வந்தது. தற்செயலுக்கு இடமே இல்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பக்கமாக வித்தியாசம். துள்ளிக் குதித்திருப்பேன். ஆனால் வித்தியாசம் தலைகீழாக இருந்தது. முன்னால் ஊதியதைவிடப் பின்னால் ஊதியது கூடுதல். பஞ்சு தின்றுவிட்டு வந்தவர்களுக்கு மூச்சு கூடியிருக்கிறது!

என்ன அநியாயம் இது என்று திரையைப் பார்த்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. மனுஷன் பிஃபோரையும் ஆஃப்டரையும் மாற்றி எழுதியிருக்கிறார், வேறென்ன? பாவம், இங்கிலீஷ் அவ்வளவுதான் தெரியும் என்று நானே முடிவு கட்டினேன். ஃபோனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படி இறங்கிப் போயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரையில் இருந்த இரண்டு தலைப்பையும் இடம் மாற்றினேன். கணக்கு நான் நினைத்த பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நினைத்தது வராமல் வேறெது வந்திருந்தாலும் நான் இப்படித்தான் செய்திருப்பேனோ என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சின்னம்மாவிடம், “முடிஞ்சுது, சக்‌ஷன் வந்த மாதிரிதான்” என்று சொன்னேன். அவள் ஹால் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் முருகன் கோயில் விபூதியோடு வந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து என் நெற்றியில் இட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மீட்டிங்கில் முதலாளி, மேனேஜர், எச்.ஆர்., அத்தோடு துணி வாங்குகிற கம்பெனியின் ஆளாகப் பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா. நெற்றியில் விபூதியோடு எழுந்து நின்றேன். திரையில் நீலக் கட்டம் உயரமாக, சிவப்புக் கட்டம் குட்டையாக. நீலம் வேலைக்கு முன், சிவப்பு வேலைக்குப் பின். ஜோடி சேர்ப்பது ஏன் முக்கியம், தற்செயல் ஏன் இல்லை என்று வெளுத்துக் கட்டினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவ்வளவா கொறையுது கண்ணு?” குரல் இறங்கியிருந்தது. “நானும் அந்தப் பஞ்சுக்குள்ள நின்னவன்தான். இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சு பாரு.” மேனேஜரிடம் திரும்பி, சக்‌ஷன் போடுகிற ஆளை வரச் சொல்லுங்கள் என்றே சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பெரிய மனசு காட்டுகிறேன் பேர்வழி என்று, “அளந்ததெல்லாம் சூப்பர்வைசர்தானுங்க, அவரையும் ஒரு வார்த்தை பாராட்டோணும்” என்றேன். கூப்பிட்டார்கள்.

அவர் தலையில் பஞ்சோடு வந்து கதவோரம் நின்றார்.

“நல்ல வேல செஞ்சிருக்கீங்க. காலைல வந்ததும் எடுத்தீங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“காலைலயா? இல்ல சார். பதினோரு மணி டீக்கு முன்னாடி ஒண்ணு, டீ குடிச்சிட்டு வந்தவொடனே ஒண்ணு. மேடம்தான டீ டெஸ்ட்டுன்னு சொன்னாவ.”

முதலில் மேனேஜர் ‘க்ளுக்’ என்றார். அப்புறம் பெங்களூர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அறையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சூப்பர்வைசரும் கொஞ்சம் சிரித்தார். சிரிக்காதவர் முதலாளி ஒருவர்தான். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப டீ குடிச்சா மூச்சு கொறையுதுங்களா?”

“கொறையவா? இல்ல சார், கூடத்தான் செஞ்சுது. எழுதித்தான அனுப்புனேன்.” அவரும் அப்போதுதான் திரையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். “மேடம், இங்கன பிஃபோரும் ஆஃப்டரும் மாறிக் கெடக்கே?” உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். சத்தியமாக அதில் குத்தல் இல்லை.

“மாத்துனீங்களாம்மா?” என்றார் முதலாளி.

“அவரு மாத்தி எழுதிட்டாருன்னு நெனச்சேனுங்க.”

“அவரக் கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. “கணக்குன்னா ஆளுக்குத் தகுந்தாப்புல மாறாதுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க” என்றார். எங்கள் ஊரில் யாருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம். அதில் ஒன்றுமில்லை. ஆனால் கண்ணு, வா, போ என்று கூப்பிட்டவர் ஒரே நாளில் ‘ங்க’வுக்கு மாறினால் என்ன அர்த்தம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

பிறகு, பெங்களூர் அம்மா முன்னால் நிலைமையைச் சமாளிக்க அவரே ஒரு சிரிப்பு சிரித்து, “சரி, டீ குடிச்சா மூச்சு கூடுதுன்னா டீ டைம அஞ்சு நிமிஷம் கூட்டிப்போடுங்க” என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மீட்டிங் முடிந்தது. சக்‌ஷன் போடுகிற ஆளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

படியில் இறங்கும்போது சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடி வந்தார். “மேடம், மன்னிச்சிருங்க. நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். அன்னைக்கு ஃபோன்ல இன்னொரு தடவ கேட்டிருக்கணும்.” கண் கலங்கியிருந்தது அவருக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவால்லீங்க, விடுங்க” என்றேன். பரவால்லீங்களாம்! காலில் விழ வேண்டியவள் பெருந்தன்மையாக மன்னித்து அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே என் நாக்கை அறுத்துப் போடலாம்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை. நாலைந்து பனியன் கம்பெனிக்காரர்கள் கிளாஸோடு வெளியே நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ரெய்சிங் ஆட்கள் டீயை ஹாலுக்குள் குடிப்பதில்லை. உள்ளே குடித்தால் கிளாஸில் பஞ்சு விழும். கேட்டுக்குப் பக்கத்தில் புங்க மரத்தடிக்கு வந்துதான் குடிப்பார்கள். காலையிலிருந்து பஞ்சுக்குள் நின்றவர்கள், டீ குடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் நின்றதற்கே எல்லோருக்கும் மூச்சு கூடியிருக்கிறது. ஒரே ஆள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தற்செயல் இல்லை என்று கணக்கே சொன்னது. நான் தேடியது இதைத்தானே? சூப்பர்வைசர் தப்பான நேரத்தில் அளந்தாலும் அவர் அனுப்பியது பொய் சொல்லவில்லை. சின்னம்மாவும் அந்தப் பையன்களும் தம் கட்டி ஊதிய மூச்சு, உள்ளே என்ன நடக்கிறதென்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவள் நான். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் பச்சை விழுந்ததே தெரிந்தது.

சூடான டீயாலும் கூடியிருக்கலாம். உட்கார்ந்து ஓய்வெடுத்ததாலும் கூடியிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால், “இப்படி வந்திருக்குது, இன்னொருக்கா சரியாக எடுத்துப் பார்க்கிறேன்” என்று கேட்கிற யோக்கியதையாவது என் கையில் இருந்திருக்கும். மறுநாள் முதலாளி அறையில் போய் நின்று அத்தனையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நேத்து கொறையுதுன்னீங்க, சக்‌ஷன் வேணும்னீங்க. இன்னைக்கு கூடுதுங்கறீங்க, அதுக்கும் சக்‌ஷன் வேணுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?”

“ஒரே ஒருக்கா மறுபடி அளந்து காட்டறேனுங்க. நீங்களே கூட நின்னு பாருங்க.”

“போதுமுங்க. உங்க வேலையப் பாருங்க.”

அத்தனை ‘ங்க’.

மேனேஜர் டீ டைமை நிஜமாகவே அஞ்சு நிமிஷம் கூட்டிவிட்டார். சிரிப்புக்குச் சொன்னதென்றாலும் முதலாளி சொன்னது சொன்னதுதான். கம்பெனி முழுக்கச் சந்தோஷம். தையல் லைனில் போனால் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பீகார்ப் பையன் ஒருவன், “மேடம், தேங்க்யூ, டீ டெஸ்ட்!” என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான். எனக்கு அங்கே நிற்கக் கால் கூசுகிறது.

சின்னம்மாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் டீ நேரத்தில் புங்க மரத்தடிக்குப் போனேன். அவள் தலையைத் தட்டிவிட்டு, எனக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். “குடி அம்மிணி. நீ வாங்கிக் குடுத்த அஞ்சு நிமிசமாக்கும் இது.”

“சக்‌ஷன் வராது சின்னம்மா. உங்க கணக்கு சரியாத்தான் வந்துச்சு. நான்தான் திமிர்ல மாத்திக் கெடுத்துட்டேன்” என்றேன். அழுதுவிட்டேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். மேடம் அழுவதை மற்றவர்கள் பார்க்கக் கூடாதென்று எனக்கு முன்னால் நகர்ந்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குத் தெரியும் கண்ணு. சூப்பர்வைசரு சொன்னாரு. அவரும் இதே மாதிரி நாந்தான் கெடுத்துட்டேன்னு அழுதாரு. டீக்கு முன்ன ஊதச் சொன்னப்ப நீதான் நேரத்த மாத்திச் சொல்லிட்டியாக்கும்னு நானும் இருந்துட்டேன். அட உடு. வராட்டிப் போவுது.” டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினாள். மரத்தடியில் நின்ற அவ்வளவு நேரத்தில் அவள் ஒருதடவைகூட இருமவில்லை. நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பெல் அடித்தது. அளவெடுத்த அந்த ஒரு வாரம் முழுக்கச் சூப்பர்வைசர், ‘பிஃபோர் ஊதியாச்சா, ஆஃப்டர் ஊதியாச்சா’ என்று கத்திக்கத்தி அவளுக்கு அந்த இரண்டு வார்த்தையும் நன்றாகவே பாடமாகியிருந்தது. காலி கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“சரி கண்ணு, ஆஃப்டரு முடிஞ்சுது. நான் பிஃபோருக்குப் போறேன்” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.